அடைமழையில் ஏர் ரைபிள் பயிற்சி: குடும்பத்தோடு போவதற்கு முன்

[காட்சி: தகரக் கூரையில் அடைமழை. பத்து விநாடிகளுக்குப் பேச்சு இல்லை, மழைச் சத்தம் மட்டும்.]

இந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டீர்களா? இன்றைக்கு நமக்குத் தொல்லை கொடுக்கப்போவது இதுதான்.

வணக்கம். ஐப்பசி அடைமழை, கார்த்திகை கனமழை என்று சும்மாவா சொன்னார்கள்? அந்த ஐப்பசியில்தான் ஒரு சனி, ஞாயிறு, மன்னார்குடிக்குப் பக்கத்தில் காலியாகக் கிடந்த ஒரு பழைய நெல் கிடங்கில் குடும்பங்களுக்கான ஏர் ரைபிள் பயிற்சிக்குப் போயிருந்தோம். சம்பா நடவு முடிந்து வயலெல்லாம் தண்ணீர். வெள்ளிக்கிழமை இரவே மழை பிடித்துக்கொண்டது. "நாளைக்கு நடக்காது" என்று நினைத்துத்தான் தூங்கினேன். காலையில் போன் வந்தது: "வாங்க, நடக்குது. மாத்துத் துணி ஒண்ணு எடுத்துக்கிட்டு வாங்க."

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன், கமெண்ட்டில் எல்லோரும் கேட்பது அதைத்தான். 2016 ஆயுத விதிகளின்படி குழலின் உள்விட்டம் 0.177 அங்குலத்துக்கு, அதாவது 4.5 மில்லிமீட்டருக்கு மேல் போகாமலும், பெல்லட் (ஏர் ரைபிளில் போடுகிற சின்ன ஈயக் குண்டு) வெளியேறும்போது அதன் ஆற்றல் 20 ஜூலுக்கு மேல் போகாமலும் இருக்கும் ஏர் ரைபிளுக்கு லைசென்ஸ் தேவையில்லை. லைசென்ஸ் இல்லை என்பதால் விளையாட்டுச் சாமான் என்று எண்ணிவிட வேண்டாம். அரை கிராம் ஈயம் விநாடிக்கு 170 மீட்டர் வேகத்தில் போனால் 7 ஜூல் வரும். கண்ணைப் பறிக்க அது தாராளம். அதனால் சுடுகிறவர், பார்க்கிறவர், டீ கொண்டுவருகிறவர் எல்லோருக்கும் பாதுகாப்புக் கண்ணாடி உண்டு.

இன்னொன்று. ஏர் கன் வாங்கினால் கொக்கு, மடையான் அடிக்கலாம் என்று நினைக்கிற ஆட்கள் நம் பக்கத்தில் இன்னும் இருக்கிறார்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். வடுவூர் ஏரிக்கு விருந்தாளிப் பறவைகள் வந்து இறங்குகிற மாதங்களும் இவைதான். பயிற்சி காகித இலக்கோடு முடிந்தது.

[காட்சி: கை அகலத்துக்கும் சின்ன வெள்ளை அட்டை. நடுவில் கறுப்பு வட்டம். பக்கத்தில் பத்து ரூபாய் நாணயம்.]

பத்து மீட்டர் தூரத்தில் தொங்கப்போகிற அட்டை இது. கறுப்பு வட்டத்தின் விட்டம் 30.5 மில்லிமீட்டர், பத்து ரூபாய்க் காசைவிடக் கொஞ்சம்தான் பெரிசு. நடுவில் தெரிகிற புள்ளிதான் பத்து மதிப்பெண். அதன் விட்டம் அரை மில்லிமீட்டர், கசகசாவில் பாதி என்று வையுங்கள். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கியது இந்தப் பத்து மீட்டர் ஏர் ரைபிள் போட்டியில்தான். ஒலிம்பிக்கில் ஆடிய இளவேனில் வாலறிவன் பிறந்தது நம் கடலூரில். அங்கே நின்றுகொண்டு சுடுவார்கள். ரைபிள் ஐந்தரைக் கிலோ வரை இருக்கலாம். நமக்கு அந்த வேலை வேண்டாம். நாங்கள் மேசைமேல் உமி மூட்டையைப் போட்டு, அதன்மேல் ரைபிளைச் சாய்த்துச் சுட்டோம். உமி ஈரத்தில் நமுத்துவிடும் என்று பாலித்தீன் பையில் அடைத்துத் தைத்திருந்தார்கள்.

சரி, மழைக்கு வருவோம். பத்து மீட்டர்தானே, காற்றும் மழையும் என்ன செய்துவிடும் என்றுதான் நானும் கேட்டேன். பெல்லட் பத்து மீட்டரைக் கடக்க விநாடியில் பதினேழில் ஒரு பங்கு போதும். அந்த நேரத்துக்குள் அது ஒன்றே முக்கால் சென்டிமீட்டர் கீழே இறங்கிவிடும். சைட்டை, அதாவது ரைபிள்மேல் குறி பார்க்கிற அமைப்பை, திருகி அதை ஈடுகட்டிவிடலாம், எப்போதும் ஒரே அளவுதான் இறங்கும் என்பதால் கவலையில்லை. பக்கவாட்டுக் காற்று அப்படியில்லை. மரக்கிளை ஆடுகிற அளவு காற்றடித்தாலே பெல்லட் ஒரு சென்டிமீட்டர் தள்ளிப் போகும், அட்டையில் நாலு வளையம், அதாவது நாலு மதிப்பெண். அதுவும் ஒரு நேரம் அடிக்கும், ஒரு நேரம் நிற்கும். கிடங்கின் பெரிய கதவு வடகிழக்கைப் பார்த்து இருந்தது. வாடைக்காற்று நேராக உள்ளே வந்தது. கொள்முதல் நிலையத்தில் நெல் மூட்டைமேல் போடுவார்களே, அதே மாதிரித் தார்ப்பாயை இரண்டாக மடித்துக் கட்டிய பிறகுதான் முதல் ரைபிளையே வெளியில் எடுத்தார்கள்.

ஈரம் என்றால் டெல்டாக்காரர்களுக்கு 17 சதவீதம்தான் ஞாபகம் வரும், அதற்கு மேல் ஈரம் இருந்தால் கொள்முதல் நிலையத்தில் நெல்லை எடுப்பானா மாட்டானா என்கிற கவலை. இலக்கு அட்டைக்கும் கிட்டத்தட்ட அதே கதைதான். காய்ந்த அட்டையில் பெல்லட் பஞ்சிங் மெஷின் போட்டது மாதிரி வட்டமாக ஓட்டை போடும். நமுத்த அட்டை கிழிந்துவிடும், எட்டா ஒன்பதா என்று சண்டைதான் மிஞ்சும். உப்பு ஜாடியில் அரிசி போட்டு வைப்போம் அல்லவா, அதேபோல் வறுத்த அரிசியைத் துணியில் முடிந்து அட்டை டப்பாவுக்குள் போட்டிருந்தார் பயிற்சியாளர். பிடித்துப்போய்விட்டது எனக்கு.

[காட்சி: கையில் பச்சைக் கொடி, சிவப்புக் கொடி. கழுத்தில் விசில்.]

இனிமேல் வருவதுதான் இந்த வீடியோவின் முக்கியமான பகுதி. சுடுதளத்தில் நாலு கட்டளைகள்: லோட், ஸ்டார்ட், ஸ்டாப், அன்லோட். வெயில் நாளில் குரலே போதும். தகரக் கூரையில் மழை கொட்டும்போது பக்கத்து ஆள் பேசுவதே கேட்காது. "ஸ்டாப்" என்பது "ஸ்டார்ட்" என்று காதில் விழுந்தால் என்ன ஆகும்? அதனால் குரலை நம்பாமல் நீண்ட விசில் ஒன்று, கூடவே சிவப்புக் கொடி என்று வைத்துக்கொண்டார்கள். பெல்லட்டே இல்லாமல் அரை மணி நேரம் இதை மட்டும் பழக்கினார்கள். விசில் ஊதியதும் விரல் ட்ரிக்கரை விட்டு வெளியே வரும், குழல் இலக்குப் பக்கமே இருக்கும், ரைபிள் மூட்டைமேல் படுக்கும், கை மடியில். பையன்களுக்குச் சலிப்பு. எனக்கும்தான்.

பலன் மத்தியானம் தெரிந்தது. மழையில் எல்லா உயிரும் கூரையைத் தேடித்தான் வரும். அந்த ஊரில் பெரிய கூரை இந்தக் கிடங்கு ஒன்றுதான். தார்ப்பாயின் ஓரத்தைத் தள்ளிக்கொண்டு நனைந்த ஆடு ஒன்று இலக்குப் பக்கத்தில் நுழைந்தது. சுடுகிறவர்கள் நாலு பேருக்கும் சைட்டுக்குள் கண். ஆடு எங்கே தெரியும்? ரைபிளைக் கையாலும் தொடாமல், பின்னால் பாயில் வெற்றிலையோடு உட்கார்ந்திருந்த ஒரு பையனின் அப்பாயி பார்த்துவிட்டார். "தம்பி, ஆடு! நிறுத்து, நிறுத்து!" என்று கத்தியபடி தன் முந்தானையையே கொடி மாதிரி வீசினார். விசில் ஊதுவதற்கு முன்பே நாலு பேர் கையும் மடிக்கு வந்துவிட்டன. ஸ்டாப் சொல்ல யாருக்கும் உரிமை உண்டு என்று காலையில் சொன்னது அப்பாயி காதில் மட்டும் நன்றாக விழுந்திருக்கிறது.

மூன்று மணிக்குக் கரண்ட் போனது. அதற்கும் தனியாக விதி சொல்லியிருந்தார்கள்: விளக்கு அணைந்தால் விசில் இல்லாமலே ஸ்டாப். எமர்ஜென்சி விளக்கு வந்த பிறகு ஒவ்வொரு ரைபிளாகத் திறந்து, குழல் காலி என்று பார்த்து, ஆரஞ்சு நிற நைலான் கயிறு ஒன்றைக் குழலுக்குள் விட்டார்கள். இரண்டு முனையும் வெளியே தெரிந்தால் உள்ளே பெல்லட் இல்லை என்று அர்த்தம். தூரத்திலிருந்தே தெரியும், வாய்வார்த்தையை நம்ப வேண்டியதில்லை.

இலக்குக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதையும் பார்த்துவிடுங்கள். இங்கே பழந்துணி அடைத்த பெட்டி, அதற்குப் பின்னால் மணல் மூட்டை, அதற்கும் பின்னால் செங்கல் சுவர். தட்டையான இரும்புத் தகடோ டயரோ வேண்டாம், பெல்லட் திரும்பி வரும். 2021 டிசம்பர் கடைசியில் புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலையில், பெரிய துப்பாக்கிகளுக்கான பயிற்சித் தளத்துக்கு வெளியே இருந்த 11 வயதுச் சிறுவன் தலையில் குண்டு பாய்ந்தது. சில நாட்களில் இறந்துபோனான். நம் கையில் இருப்பது பெல்லட்தான். ஆனால் சுவருக்கு அந்தப் பக்கம் யார் வீடு என்று போய்ப் பார்த்துவிட்டு வந்து உட்காருங்கள்.

[காட்சி: ட்ரிக்கரில் விரல், மிக நெருக்கத்தில். நகத்தில் இன்னும் ஈரம்.]

இப்போதுதான் சுடுவது. எட்டாம் வகுப்புப் பையன் ஒருவனுக்கு எல்லாம் கீழே இடது பக்கம் போய்க்கொண்டிருந்தது. ரைபிள் சரியில்லை என்றான். பயிற்சியாளர் அவன் விரல்மேல் தன் விரலை வைத்தார். "நீ குறி மட்டும் பாரு, அமுக்கறது என் வேலை." மூன்று பெல்லட். மூன்றும் கறுப்புக்குள். ரோல் கேப் துப்பாக்கிப் பழக்கம்தான், வேறொன்றும் இல்லை. தீபாவளிக்கு 'டப் டப்' என்று வெடுக்கென இழுத்த விரல் இங்கேயும் அப்படியே இழுத்திருக்கிறது. விரலின் முதல் கணுவில், சதைப்பிடிப்பான இடத்தால், எப்போது சுடும் என்று நமக்கே தெரியாத அளவுக்கு மெதுவாக அமுக்க வேண்டும். மூச்சைப் பாதி விட்டு நிறுத்துங்கள். ஏழெட்டு விநாடிக்குள் சுடவில்லை என்றால் விரலை எடுத்து, மூச்சு வாங்கி, முதலிலிருந்து வாருங்கள். பைக்கில் நனைந்து வந்து நடுங்குகிற உடம்புக்கு இது வரவே வராது. மாற்றுத் துணி கேட்டது அதற்காகத்தான்.

பத்தைத் துரத்தவும் வேண்டாம். மூன்று ஓட்டையும் ஓரிடத்தில் விழுகிறதா என்று பாருங்கள். எங்கே விழுந்தாலும் சரி, சேர்ந்து விழுந்தால் சைட்டைத் திருகி நடுவுக்குக் கொண்டுவரலாம். சிதறினால் திருகிப் பயனில்லை. கோயில் திருவிழாவில் பலூன் சுடுகிற கடையில் எனக்கு ஏன் ஒரு பலூன்கூட உடையவில்லை என்பது நாற்பது வயதில் புரிந்தது. கடைக்காரர் சைட்டை வளைத்து வைத்திருக்கிறார் என்று இத்தனை நாள் பழி போட்டுக்கொண்டிருந்தேன். பாதி உண்மையாகவும் இருக்கலாம்.

குழலை மடக்கி அழுத்தம் ஏற்றுகிற ரைபிள் என்றால் பெரியவர்தான் மடக்க வேண்டும். பெல்லட் போடும்வரை குழலை விடாமல் பிடித்திருங்கள். நழுவினால் விரல் நசுங்கும். பெல்லட் இல்லாமல் சும்மா சுட்டுப் பார்க்கவும் கூடாது, உள்ளே இருக்கிற பிஸ்டன் சீல் போய்விடும்.

[காட்சி: வாளித் தண்ணீர், சோப்பு. பின்னால் வாழைக்காய் பஜ்ஜித் தட்டு.]

பெல்லட் ஈயம். பஜ்ஜியைத் தொடுவதற்கு முன் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், குழந்தைகளுக்கு நின்று பார்த்துக் கழுவிவிடுங்கள். தரையில் சிதறியதைப் பெருக்கி டப்பாவில் போட்டுவிடுங்கள், மழைத் தண்ணீரோடு வாய்க்காலுக்குப் போக விடாதீர்கள்.

வீட்டுக்கு வந்ததும் ரைபிளைக் காய்ந்த துணியால் துடைத்து, வெளிப்புற இரும்பில் துப்பாக்கி எண்ணெயை லேசாகத் தடவுங்கள். அழுத்த அறைக்குள் எண்ணெய் விடக்கூடாது, சுடும்போது உள்ளே பற்றிக்கொள்ளும். தேங்காய் எண்ணெய் வேண்டாம், பிசுபிசுத்துப் போகும். ஸ்பான்ஞ் வைத்த பெட்டிக்குள் அன்றைக்கே மூடி வைக்காதீர்கள், ஸ்பான்ஞ் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். குழந்தைகள் கைக்கு எட்டாத அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, திங்கட்கிழமை காலையில் ஒருமுறை திறந்து குழலை விரலால் தடவிப் பாருங்கள். செம்பழுப்பாகத் தூள் ஒட்டினால் மறுபடியும் துடைக்க வேண்டியதுதான்.