லண்டன் கோபுரத்தில் கோடரியைத் தேடுகிறவர்களுக்கு

பெரியோர்களே, நண்பர்களே, வணக்கம்.

லண்டன் கோபுரத்துக்குப் போய்வந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். கோஹினூரைப் பார்த்தேன், அண்டங்காக்கைகளைப் பார்த்தேன், தலை வெட்டிய கோடரியைப் பார்த்தேன் என்பார்கள். கோடரிக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்ளும் கூட்டம் எப்போதும் உண்டு. நான் இன்று பேச வந்தது அந்தக் கோடரிக்குப் பின்னால் இருந்த கையைப் பற்றி. வெட்டியவன் கையைச் சொல்லவில்லை. கையெழுத்துப் போட்ட கையைச் சொல்கிறேன்.

1066இல் இங்கிலாந்தைப் பிடித்த வில்லியம், லண்டன் மக்களை அடக்கிவைக்கத் தேம்ஸ் கரையில் எழுப்பிய கோட்டை அது. நடுவில் நிற்கும் வெள்ளைக் கோபுரம் சுமார் 27 மீட்டர் உயரம். அரண்மனை, ஆயுதக் கிடங்கு, நாணயச்சாலை, சிறை என்று எல்லாமாகவும் அது இருந்திருக்கிறது. உள்ளே ஆயிரக்கணக்கில் தலை உருண்டது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. மதிலுக்குள், டவர் கிரீன் பகுதியில் தலை வெட்டப்பட்டவர்கள் என்று வரலாற்றில் பேர்பெற்றவர்கள் ஏழே பேர். அவர்களில் ஐந்து பேர் பெண்கள், அந்த ஐவரில் மூவர் அரசிகள். மற்றவர்கள் எல்லாம் மதிலுக்கு வெளியே, டவர் ஹில் மேட்டில், ஊரே வேடிக்கை பார்க்க வெட்டப்பட்டார்கள். ஏறக்குறைய நானூறு ஆண்டுகளில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள். உள்ளே சாவது ஒரு சலுகை. அரசுக்கும் அது வசதி: கூட்டம் அழுதால்கூட ஆபத்து என்று பயந்த இடங்களில்தான் மதிலுக்குள் மேடை போட்டார்கள்.

மன்னர் எட்டாம் ஹென்றியின் இரண்டாவது மனைவி ஆன் பொலினை எடுத்துக்கொள்ளுங்கள். 1533இல் முடிசூட்டிக்கொள்ள அதே கோட்டைக்குள் வந்து தங்கியவர். மூன்று ஆண்டு கழித்துக் கைதியாகக் கொண்டுவந்தபோதும் அரசியின் அதே மாளிகையில்தான் வைத்தார்கள். அவரோடு தவறாக நடந்ததாக நான்கு ஆண்களுக்கு 1536 மே 12 அன்றே குற்றம் உறுதி செய்து தீர்ப்பு வழங்கிவிட்டார்கள். ஆனின் விசாரணையோ மே 15. கூட இருந்தவர்கள் குற்றவாளிகள் என்று முடிவான பிறகு, இந்தப் பெண் எதைச் சொல்லித் தப்ப முடியும்? தலைமை நீதிபதியாக உட்கார்ந்தவர் அவருடைய சொந்தத் தாய்மாமன், நார்ஃபோக் பிரபு. மே 19 காலையில் பிரான்சிலிருந்து வரவழைத்த வாள்வீரன் ஒரே வீச்சில் முடித்தான். கோடரி வேண்டாம், வாள் போதும் என்பது மன்னர் காட்டிய கருணையாம்! உடலை வைக்கச் சவப்பெட்டி இல்லாமல் அம்புகள் வைக்கும் மரப்பெட்டியில் வைத்து, பக்கத்திலிருந்த தேவாலயத்தில் புதைத்தார்கள்.

இதைவிட என்னை உறுத்துவது கேத்ரின் ஹோவர்ட் கதை. எட்டாம் ஹென்றியின் ஐந்தாவது மனைவி. இருபது வயதுதான் இருக்கும். இவருக்கு விசாரணையே கிடையாது. நாடாளுமன்றத்தில் ஒரு மசோதாவைக் கொண்டுவந்து, சட்டம் போட்டே குற்றவாளி என்று சொல்லிவிட்டார்கள். சட்டமாக மன்னர் ஒப்புதல் தர வேண்டும். அதற்காக மனைவி மீதான குற்றச்சாட்டையெல்லாம் மன்னர் மறுபடி கேட்டால் அவர் மனம் நோகுமே என்று, மன்னர் நேரில் வராமல் அவர் நியமித்தவர்களே ஒப்புதல் தரலாம் என்று ஒரு புது ஏற்பாடு செய்தார்கள். அன்று கண்டுபிடித்த அந்த முறை பிரிட்டனில் பிற்பாடு நிலைத்தே விட்டது. கணவனின் மனம் நோகாமல் இருக்க நாடாளுமன்ற நடைமுறையை மாற்றுகிறார்கள். மனைவியோ முந்தின இரவு, தலை வைக்கும் கட்டையை அறைக்கே கொண்டுவரச் சொல்லி, எப்படித் தலையை வைப்பது என்று பழகிப் பார்க்கிறாள்.

அவளுக்கு உதவியாக இருந்ததாகக் குற்றம் சாட்டப்பட்ட ஜேன் பொலின் சிறையில் சித்தம் கலங்கிவிட்டார். சித்தம் கலங்கியவர்களைக் கொல்லக்கூடாது என்பது அந்த நாட்டின் பழைய வழக்கம். ஹென்றி என்ன செய்தார்? ராஜத்துரோகம் என்றால் சித்தம் கலங்கியவர்களையும் கொல்லலாம் என்று சட்டம் கொண்டுவந்தார். 1542 பிப்ரவரி 13 அன்று, ஒரே காலையில், ஒரே கட்டையில் இருவரும் போனார்கள். அதற்கு முந்தைய ஆண்டு, அரச வம்சத்தைச் சேர்ந்த அறுபத்தேழு வயது மார்கரெட் போல், அவரும் விசாரணை இல்லாமலே, அனுபவமில்லாத ஒருவன் கையில் பல வெட்டு வாங்கிச் செத்தார். இதையெல்லாம் கோட்டை வழிகாட்டிகள் சுவையாகச் சொல்ல, கேட்பவர்கள் சிரிக்கும்போது எனக்குத் தாங்கவில்லை.

உள்ளே புல்வெளியில் 2006இல் வைத்த நினைவுச்சின்னம் இருக்கிறது. நடுவில் கண்ணாடியில் செய்த ஒரு தலையணை. மேடை உண்மையில் சற்றுத் தள்ளி இருந்திருக்கலாம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். இருந்தாலும் நின்று பெயர்களைப் படியுங்கள். பிறகு வெளியே வந்து, சாலையைத் தாண்டி, டிரினிட்டி சதுக்கத் தோட்டத்துக்கும் போங்கள். பயணிகள் பெரும்பாலும் எட்டிப் பார்க்காத அந்த இடத்தில்தான் டவர் ஹில் வெட்டு மேடை இருந்தது. ஹென்றியின் முன்னாள் அமைச்சர் தாமஸ் மோர் 1535இல் வெட்டப்பட்டது அந்த மேட்டில்தான். 1747இல், கிளர்ச்சிக்காரர் பக்கம் சேர்ந்த ஸ்காட்லாந்துக்காரர் லோவட் பிரபுவின் தலை விழுவதைப் பார்க்கக் கட்டிய பலகை மேடை சரிந்து, வேடிக்கை பார்க்க வந்தவர்களே சுமார் இருபது பேர் செத்தார்கள். பிரிட்டனில் கடைசியாகத் தலை வெட்டிக் கொல்லப்பட்டவர் லோவட்.

'அதெல்லாம் காட்டுமிராண்டிக் காலம் ஐயா' என்று யாராவது சொன்னால், அவர்களுக்கு ஜோசஃப் ஜேக்கப்ஸ் கதையைச் சொல்லுங்கள். ஜெர்மன் உளவாளி. பாராசூட்டில் இறங்கும்போது கணுக்கால் முறிந்தது. 1941 ஆகஸ்ட் 15 அன்று, நிற்க முடியாத அந்த மனிதரை நாற்காலியில் உட்காரவைத்து, அதே கோட்டைக்குள் சுட்டார்கள். கோட்டையில் நடந்த கடைசி மரண தண்டனை அது. ஆனால் ராஜத்துரோகத்துக்கு மரண தண்டனை என்ற விதி அதோடு போகவில்லை. பிரிட்டனின் சட்டப்புத்தகத்திலிருந்து அதை நீக்கியது 1998இல்தான்.