ப்ரைமர் சரியா உக்காரலையா? லிவர அமுக்குறதுக்கு முன்னாடி பாக்கெட்டப் பாருங்க

வணக்கம் மக்கா, எல்லாரும் நல்லாருக்கீயளா. நம்ம சேனல்ல எப்பவும் லேத், பேரிங், புஷ்ஷு இப்படித்தான் பேசுவோம், இன்னைக்கு கொஞ்சம் வேற சங்கதி. எங்க அத்தான் டெக்சாஸ்ல இருக்காவ, ரைஃபிள் மேட்ச் சுடுதாவ, அங்க சுட்ட பித்தளைக் கூட்ட திரும்ப எடுத்து புது ப்ரைமர், பவுடர்ங்கிற வெடிமருந்து, புல்லட் போட்டு தோட்டா ரெடி பண்ணுதது சாதாரண பொழுதுபோக்கு. அவிய வீடியோ கால்ல "மாப்ள, ப்ரைமர் பாதி உக்காருது, பாதி எடுத்துக்கிட்டு நிக்குது, என்னன்னு பாரு"ன்னு கேட்டாவ. அங்க இருக்க நம்ம ஊர்க்காரப் பசங்க வேற சிலரும் இதையே கேட்டதால மொத்தமா ஒரு வீடியோவா போட்டுருவோம்னு தோணுச்சு.

முதல்ல ஒன்னு சொல்லிருதேன். நம்ம நாட்டுல லைசென்ஸ் இல்லாம தோட்டா செய்யுதது 1959 ஆயுதச் சட்டப்படி குத்தம். பேட்டைலயோ பாளையங்கோட்டைலயோ உக்காந்து யாரும் இத செஞ்சு பாக்கக் கூடாது, சட்டம் அனுமதிக்கிற ஊர்ல இருக்கவங்களுக்குத்தான் இது. நீங்க பாக்குத காட்சி எல்லாமே அத்தான் அங்கருந்து அனுப்புனது.

[திரையில்: கூட்டோட அடிப்பாகம், க்ளோஸ் அப்]

நடுவுல இருக்க குழிதான் ப்ரைமர் பாக்கெட். ப்ரைமர்னா ஒரு குட்டி உலோகக் கிண்ணம், அதுக்குள்ள தட்டுனா தீப்பிடிக்கிற மருந்து, அதுக்கு மேல கால் வெச்ச மாதிரி ஒரு சின்னத் தகடு, அதுக்கு பேரு ஆன்வில். துப்பாக்கியோட ஃபயரிங் பின் வந்து கிண்ணத்துல அடிக்கும்போது கிண்ணத்துக்கும் ஆன்விலுக்கும் நடுவுல மருந்து நசுங்கும், தீ பாக்கெட் தரைல இருக்க ஓட்டை வழியா பவுடருக்குப் போகும். இது நடக்கணும்னா ஆன்வில் கால் பாக்கெட்டோட தரையில நல்லா ஊனி நிக்கணும். ஊனலைன்னா பின் அடிச்ச அடில பாதி பலம் ப்ரைமர உள்ள தள்ளுததுக்கே செலவாயிரும், டிக்னு சத்தம் வரும், வெடிக்காது. அதே தோட்டா ரெண்டாவது அடில வெடிச்சுதுன்னா பெரும்பாலும் கதை இதுதான், ஏன்னா முதல் அடி அத உக்கார வெச்சிருச்சு. நெறைய பேரு இது புரியாம ப்ரைமர் மட்டம், ஸ்ப்ரிங் வீக்குன்னு எதையாவது மாத்திக்கிட்டு கிடக்காவ.

வெடிக்கலைன்னா கூட பரவால்லன்னு வெச்சுக்கிடலாம், பயப்பட வேண்டியது இன்னொன்னு. ஏஆர் 15, எம்1 காரண்ட் மாதிரி துப்பாக்கில ஃபயரிங் பின்ன பின்னால புடிச்சு நிறுத்த ஸ்ப்ரிங் கிடையாது, தோட்டாவ உள்ள தள்ளி அடைக்கிற போல்ட் மூடும்போது பின் தானா முன்னால வந்து ப்ரைமர லேசா தொடும். அந்த நேரத்துல ப்ரைமர் வெளிய நீட்டிக்கிட்டு இருந்தா ட்ரிக்கர்ல கை வைக்காமலே வெடிக்க வாய்ப்பு இருக்கு, அதுவும் போல்ட் முழுசா லாக் ஆகுததுக்கு முந்தியே வெடிச்சா துப்பாக்கியும் போயிரும், புடிச்சிருக்கவரோட கண்ணும் முகமும் போயிரும். அதனால "ஓரளவுக்கு உக்காந்திருக்கு"ங்கிற பேச்சே இதுல வேண்டாம்.

சரி, எவ்வளவு உக்காரணும். கூட்டோட அடிமட்டத்துக்கு சமமாவோ கொஞ்சம் கீழயோ இருக்கணும், வழக்கமா 0.003ல இருந்து 0.005 இன்ச் கீழ, அதாவது நம்ம லேத் பாஷைல மூணு தௌல இருந்து அஞ்சு தௌ, ஒரு தௌன்னா இன்ச்சுல ஆயிரத்துல ஒரு பங்கு. விரல் நுனிய குறுக்க ஓட்டிப் பாருங்க, தட்டுச்சுன்னா தப்பு. கண்ணாடித் தகடு மேல கூட்ட நிக்க வெச்சாலும் தெரியும், ப்ரைமர் நீட்டிக்கிட்டு இருந்தா கூடு ஆடும். ஒவ்வொன்னையும் பாக்கணும், பத்துக்கு ஒன்னு பாத்தா போதும்ங்கிற கதையே இதுல கிடையாது.

இப்ப ஏன் உக்கார மாட்டேங்குதுன்னு பாப்போம். சில சமயம் வெறும் அழுக்குதான், போன தடவ சுட்ட கரி பாக்கெட் தரைல கட்டிக்கிட்டு கிடக்கும், சுரண்டி எடுத்தா முடிஞ்சுது.

அத்தான் கூட்டுல இருந்தது வேற. அவிய அனுப்புன போட்டோவ பெருசாக்கிப் பாத்தா அடில ஒரு வட்டம், வட்டத்துக்குள்ள ப்ளஸ் குறி, அது நேட்டோ முத்திரை, ராணுவத்துக்குச் செஞ்ச கூடு. ராணுவக் கூட்டுல ப்ரைமர் எந்த நிலைலயும் வெளிய வரக் கூடாதுன்னு பாக்கெட் வாயச் சுத்தி பித்தளைய உள்பக்கமா நசுக்கி விட்ருப்பான், கிரிம்ப்ம்பாங்க. பழைய ப்ரைமர தள்ளி எடுத்தாலும் அந்த உதடு அப்படியேதான் இருக்கும். புது ப்ரைமர் அதுல இடிக்கும், ஓரம் சீவும், சரிஞ்சு நிக்கும், நாம என்ன செய்வோம், ப்ரைமர் உக்கார வைக்கிற டூலோட லிவர இன்னும் பலமா அமுக்குவோம். அதுதான் தப்பு. இது பேரிங் போடுதது மாதிரிதான், ஹவுசிங் வாய்ல பிசிறு இருந்தா பேரிங் கோணலாத்தான் ஏறும், அதுக்கு சுத்தியல் மருந்து இல்ல.

கிரிம்ப எடுக்க ரெண்டு வழி, ஒன்னு ஸ்வேஜ், ராடால பித்தளைய வெளிப்பக்கமா தள்ளி விடுதது, இன்னொன்னு ரீமர், சீவி எடுக்குதது. என்னைக் கேட்டா ஸ்வேஜ்தான் நல்லது, உலோகம் குறையாது. ரீமர்தான் இருக்குன்னா பையப் பைய சுத்துங்க, வாய்ல புதுப் பளபளப்பு வட்டமா முழுசா தெரிஞ்சதும் நிறுத்திரணும், இன்னும் ரெண்டு சுத்துன்னு ஆசைப்பட்டா வாய் புனல் மாதிரி அகண்டு புடிமானம் போயிரும். அப்புறம் பாக்கெட் அளவு சரியான்னு காட்டுத கோ நோகோ கேஜ் போட்டுப் பாருங்க.

சைஸும் பாத்துக்கிடணும். ஸ்மால் ப்ரைமர் விட்டம் 0.175 இன்ச், லார்ஜ் 0.210 இன்ச், இது ரெண்டும் மாறுனா கண்ணுக்கே தெரியும்னு நெனைப்போம், ஆனா வழக்கமா லார்ஜ் போடுத .308 ரைஃபிள் கூட்டுலயே ஸ்மால் பாக்கெட் வெச்சு வர்றது இருக்கு, குவியலோட கலந்துட்டா லார்ஜ் ப்ரைமர அதுல போட்டு நசுக்கிருவோம். லார்ஜ் ரைஃபிளும் லார்ஜ் பிஸ்டலும் விட்டம் ஒன்னு, உயரம் வேற, ரைஃபிள் ப்ரைமர பிஸ்டல் கூட்டுல போட்டா வெளிய நீட்டும். பிஸ்டல் ப்ரைமர ரைஃபிள் கூட்டுல போட்டா ஆழமா போயிரும், ரைஃபிள் பிரஷருக்கு அந்தக் கிண்ணம் தாங்காது, ஓட்டை விழும்.

அப்புறம் பழைய ப்ரைமர எடுக்கும்போது அத தள்ளுத டூலோட பின் உடையுதுன்னா டார்ச் அடிச்சு உள்ள பாருங்க. நடுவுல ஒரு ஓட்டைன்னா பாக்ஸர் வகைக் கூடு, ஓரமா ரெண்டு சின்ன ஓட்டைன்னா பெர்டான் வகை, அதுல நடுவுல ஓட்டை இல்லாததால பின் இடிச்சு உடையும். இதுக்கெல்லாம் கண்டுபிடிச்சவங்க பேருதான், பாக்ஸர் இங்கிலாந்துக்காரர், பெர்டான் அமெரிக்கர், ஆனா அமெரிக்கால ஓடுதது பாக்ஸர் முறைதான், எனக்கு அது எப்பவும் ஆச்சரியம். பெர்டான் கூடுன்னா தனியா எடுத்து வெச்சிருங்க.

இதெல்லாம் சரியா இருந்தும் கோணலா ஏறுதுன்னா டூலப் பாருங்க, கூட்ட புடிச்சு நிறுத்துத ஷெல் ஹோல்டர் பள்ளத்துல பித்தளைத் தூள் கிடந்தாலே கூடு சாஞ்சு நிக்கும். தோட்டா செய்யுத பெரிய ப்ரஸ்ல லிவர் நீளம், கைக்கு எதுவும் தெரியாது. கைல புடிக்கிற ப்ரைமிங் டூல்ல லேசா ஒரு இழுவை, அப்புறம் டக்னு தரை தட்டுதது விரலுக்கே தெரியும், நான் அதத்தான் வாங்கச் சொன்னேன்.

தலைகீழ் விவகாரமும் உண்டு, விரலால தள்ளுனாலே ப்ரைமர் போயிருதா, அந்தக் கூடு முடிஞ்சுது. பெரும்பாலும் பவுடர் அதிகமாப் போட்டு பிரஷர் ஏறி பாக்கெட் விரிஞ்சிருக்கும். பசை போடாதீங்க, சுத்தி தட்டி இறுக்காதீங்க, தூக்கிப் போடுங்க, ஏன் விரிஞ்சுதுன்னு பவுடர் அளவப் பாருங்க.

கோணலா நசுங்குன உயிருள்ள ப்ரைமர திரும்ப அமுக்கக் கூடாது. பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கிட்டு மெதுவா தள்ளி எடுக்கணும், கை கொஞ்சம் நடுங்குனாலும் அந்தக் கூட்ட விட்ருங்க. ப்ரைமர அது வந்த டப்பாலயேதான் வைக்கணும், பாட்டில்ல கொட்டி வெச்சா ஒன்னு வெடிச்சா மொத்தமும் வெடிக்கும்.

பவுடரும் புல்லட்டும் போட்டு முடிச்ச தோட்டால ப்ரைமர் நீட்டிக்கிட்டு இருக்கதப் பாத்தா, அத அப்படியே டூல்ல வெச்சு இன்னும் கொஞ்சம் அமுக்கிரலாம்னு யாரும் கை வைக்காதீங்க மக்கா, அது உயிருள்ள தோட்டா. முதல்ல புல்லட்ட கழட்டணும், பவுடரக் கொட்டணும், அதுக்கப்புறம்தான் ப்ரைமர் பக்கம் போகணும். அத்தான்கிட்டயும் இதத்தான் ரெண்டு தடவ சொன்னேன், அவிய செஞ்சு வெச்சிருந்த பெட்டில நீட்டிக்கிட்டு இருந்த தோட்டா எல்லாத்தையும் தனியா ஒதுக்கி, டப்பா மேல சிவப்பு மார்க்கர்ல எழுதி வெச்சிருக்காவ.