நான்கு சி.டி., ஒரு பூஜ்ஜியம்
(மண்டபம் கடற்கரையில் இசை ரசிகர்களிடையே ஆற்றிய உரை)

அன்பு நண்பர்களே,

ஓர் இசைத்தொகுப்புக்குப் பத்துக்குப் பூஜ்ஜியம் போட்டார்கள். போட்டது பிட்ச்ஃபோர்க் என்ற அமெரிக்க இசை விமர்சன இணையதளம். வாங்கியது ஒக்லஹோமா நகரத்து ஃப்ளேமிங் லிப்ஸ் ராக் இசைக்குழு 1997இல் வெளியிட்ட ‘ஸைரீக்கா’. எட்டுப் பாடல்கள், நான்கு சி.டி.க்கள். ஒவ்வொரு பாடலும் நான்கு தட்டுகளிலும் பகுதி பகுதியாகப் பிரிந்து கிடக்கிறது. நான்கு பிளேயர்களில் நான்கையும் ஒரே நேரத்தில் ஓடவிட்டால்தான் பாட்டு முழுதாகச் சேரும்.

எந்த இரண்டு பிளேயரும் அணுப் பிசகாமல் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. பொத்தானை அழுத்துகிற விரல்களும் முன்னே பின்னே போகும். ஆகவே இன்று கேட்டது நாளை அப்படியே கேட்காது. குழுவின் பாடகர் வேய்ன் காய்ன் இதைத் தெரிந்தே செய்தார். அதற்கு முன்பே ஒரு வாகன நிறுத்தத்தில் கார்களை வரவழைத்து, காருக்கொரு கேசட் கொடுத்து, ஒருசேரப் போடவைத்துச் சோதித்த மனிதர் அவர்.

நம் கரைக்காரர்களுக்கு இது புதிதா? திருவிழாவுக்குத் தெரு நெடுகக் குழாய் கட்டுகிறோம். ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். பக்கத்துக் குழாயில் வரி முடிந்த பிறகு, தூரத்துக் குழாய் அதே வரியைக் கொண்டுவந்து சேர்க்கும். கடல் காற்று திரும்பினால் நடுவில் இரண்டு சொல் காணாமலே போகும். (மைக்செட் தம்பி கோபித்துக்கொள்ள வேண்டாம்!) நாம் சகித்துக்கொள்ளும் அந்தக் குளறுபடியை அவர்கள் ஆசைப்பட்டு உண்டாக்கினார்கள்.

பாராட்டியவர்களும் உண்டு. பிட்ச்ஃபோர்க் விமர்சகருக்கோ, பாட்டுக் கேட்க நான்கு பிளேயர் தேட வேண்டும் என்பதே பொறுக்கவில்லை. அந்த எரிச்சல் எனக்குப் புரிகிறது, பூஜ்ஜியம்தான் புரியவில்லை. எல்லாப் பாடலும் தேறும் என்று நானும் வாதாட மாட்டேன். ஒரு பாடலில் காதைத் துளைக்கும் ஒலிகளை வைத்து, வண்டி ஓட்டும்போது கேட்காதீர்கள் என்று எச்சரிக்கையும் தந்திருக்கிறார்கள். அது எனக்கு வெறும் குறும்பாகவே படுகிறது.

1999இல் இதே குழுவின் ‘தி சாஃப்ட் புல்லட்டின்’ வந்தது. அதே காலத்து ஒலிப்பதிவுகளில் பிறந்தது. இரண்டின் இசைத் தயாரிப்பிலும் இருந்தவர் டேவ் ஃப்ரிட்மன். அதற்கு அதே பிட்ச்ஃபோர்க் பத்துக்குப் பத்து கொடுத்தது. அது ஒரே சி.டி.யில் அடங்கியிருந்தது என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன்.

இன்று நான்கு கைபேசிகள் போதும். கூட்டம் கலைந்ததும் நான்கு பேர் இங்கேயே இருங்கள், போட்டுப் பார்ப்போம்.