மண்டியில் பிறந்த கூட்டுக்குடும்பம்

(தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கேரளத்தின் கொழிஞ்சாம்பாறையில், பொங்கல் விழா பட்டிமன்றத்தில் ‘கூட்டால்தான்’ அணிக்காகப் பேசியது)

நடுவர் அவர்களே, பெரியவர்களே, பொள்ளாச்சியிலிருந்து மாமனார் வீட்டுக்கு வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் மாப்பிள்ளைகளே, வணக்கம்.

சிறிய உயிர்கள் பெரிய உயிர்களானது போட்டியாலா, கூட்டாலா என்பது தலைப்பு. எதிரணி டீச்சர், “புலி துரத்துகிறது, மான் ஓடுகிறது, அந்த ஓட்டம்தான் இரண்டையும் வளர்த்தது” என்று சொல்லிக் கைதட்டலும் வாங்கிவிட்டார். டீச்சர், ஓடியது ஒரு மானா? கோடானுகோடி செல்கள் ஒன்றாகச் சேர்ந்து நான்கு காலில் ஓடின. அவை முதலில் சேராமல் இருந்திருந்தால் புலி எதைத் துரத்தும்?

சரி, காட்டை விடுங்கள். நம்ம சித்தூர் தாலுகாவுக்கே வருவோம். எல்லைக்கு அந்தப் பக்கம் கள்ளுக்குத் தடை, இந்தப் பக்கம் கடை. மாப்பிள்ளைகள் ஏன் சிரிக்கிறார்கள் என்று இப்போது புரிந்திருக்கும். கள்ளை ஆடாமல் வைத்துப் பாருங்கள். நுரை அடங்கும், கொஞ்சம் கொஞ்சமாக அடியில் வெள்ளையாக மண்டி படியும். அதில் ஈஸ்ட் ஏராளம். ஒவ்வொன்றும் ஒற்றைச் செல், தனிக்குடித்தனம்.

கள்ளைப் புளிக்கவைக்கும் அதே இன ஈஸ்டை வைத்து, அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் வில்லியம் ராட்கிளிஃபும் கூட்டாளிகளும் ஒரு சோதனை செய்து 2012இல் வெளியிட்டார்கள். சோதனை என்றால் பெரிய கருவி ஒன்றும் இல்லை. குழாயைக் கொஞ்ச நேரம் ஆடாமல் வைப்பது. சீக்கிரம் அடியில் இறங்கியதை மட்டும் எடுத்துப் புதுக் குழாயில் வளர்ப்பது. மிச்சத்தைக் கொட்டிவிடுவது. தினமும் இதே வேலை. 60 நாளில் என்ன ஆனது தெரியுமா? தாய்ச் செல்லில் முளைத்த மகள் பிரிந்து போகாமல் ஒட்டிக்கொண்டே நின்றாள். அவளுக்கு ஒரு மகள், அப்புறம் பேத்தி, கிளை கிளையாக ஒரு கூட்டுக்குடும்பம்! கனம் கூடியதும் கடகடவென்று அடிக்கு இறங்கிவிட்டது.

“அடிக்குப் போவதும் போட்டிதானே?” என்பார் டீச்சர். போட்டிதான், ஒத்துக்கொள்கிறேன். ஜெயித்தது யார் என்றுதான் கேட்கிறேன். தனியாக மிதந்தவையெல்லாம் சாக்கடைக்குப் போய்விட்டன.

இன்னொரு சம்பந்தம் இதைவிடப் பழசு. நம் செல்லுக்குள் இருந்து சக்தி எடுத்துக் கொடுக்கும் மைட்டோகாண்ட்ரியா ஒரு காலத்தில் தனியாகத் திரிந்த பாக்டீரியா. யாரோ எப்போதோ சொல்லி, எல்லாரும் ஒதுக்கிவைத்த இந்த யோசனையைத் தூசி தட்டி, 1967இல் கட்டுரையாக்கினார் லின் மார்குலிஸ். பல இதழ்கள் திருப்பி அனுப்பிய பிறகே அது அச்சேறியது. இன்று பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது. அந்தப் பாக்டீரியா இன்னொரு செல்லுக்குள் குடிபுகுந்தது. தன் மரபணுக்களில் பலவற்றைத் தொலைத்தது, இன்னும் பலவற்றைப் புகுந்த வீட்டு உட்கருவிடம் கொடுத்துவிட்டது. நகையெல்லாம் மாமியார் பீரோவில்! மனித உடலில் அதன் கையில் மிஞ்சியிருப்பது வெறும் 37 மரபணு. கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்கும் போக முடியாது. அவள் இல்லாவிட்டால் இந்த வீட்டில் அடுப்பும் எரியாது. அதுவும் தாய்வழியாக மட்டுமே இறங்குகிறது. சொத்தும் தாய்வழியாகவே இறங்கிய மருமக்கத்தாய முறை இருந்த மண்ணில் இதற்குமேல் நான் விளக்க வேண்டுமா?

கூட்டு என்றால் தேனும் பாலும் ஓடும் என்று நான் சொல்லவில்லை. நம் தோலில் செல்கள் தினமும் செத்து உதிர்கின்றன, யாரும் அவற்றுக்குக் காரியம் செய்வதில்லை. “நான் மட்டும் பெருகுகிறேன்” என்று ஒரு செல் முறைத்துக்கொண்டு கிளம்பினால் அதற்குப் பெயர் புற்றுநோய். டீச்சர் சொல்லும் அப்பட்டமான போட்டியை உடம்புக்குள் பார்க்க வேண்டுமானால் அங்கேதான் பார்க்கலாம்.

மணி அடித்துவிட்டீர்கள், நடுவரே. ஒரே ஒரு விஷயம். போட்டிதான் எல்லாம் என்று பேச வந்த எதிரணி மூவரும் இன்று சாயங்காலம் ஒரே ஜீப்பில், டீசலுக்குப் பங்கு போட்டு வந்து இறங்கியதை நான் பார்த்தேன்.