பொந்து இருந்தால்தான் கிளி

வணக்கம் நேயர்களே.

திருகோணமலையில் விடியற்காலையில் கிளிச்சத்தம் கேட்காத வீடு குறைவு. உவர்மலையில் இருப்பவர்களுக்கும், சாம்பல்தீவு, நிலாவெளிப் பக்கம் பனங்கூடல் ஓரமாக இருப்பவர்களுக்கும் இதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கீச்சிட்டுக்கொண்டு ஒரு கூட்டம் வேகமாகப் பறந்து போகும், பின்னேரம் திரும்பி வரும். தம்பலகாமத்தில் கதிர் முற்றுகிற நாட்களில் அதே கூட்டம் வயலில் இறங்கினால் வெருளி கட்டினாலும் அசையாது.

கிளி என்றதும் எல்லோரும் கேட்பது இரண்டு கேள்விதான். என்ன தீன் கொடுக்கலாம், எப்படிக் கதைக்கப் பழக்கலாம். அது எங்கே முட்டையிடுகிறது என்று கேட்பவர்கள் அருமை. இன்றைக்கு அதைத்தான் கொஞ்சம் விரிவாகப் பேசப்போகிறேன். காட்டுக் கிளியானாலும் கூண்டுக் கிளியானாலும் எல்லாம் அந்தப் பொந்தில்தான் தொடங்குகிறது.

இலங்கையில் ஐந்து வகைக் கிளிகள் உண்டு. அதில் இரண்டு உலகத்தில் வேறெங்கும் இல்லாதவை. அவை பெரும்பாலும் ஈரக்காடுகளின் பறவைகள், நம் பக்கம் பார்ப்பது கஷ்டம். இங்கே அதிகம் காண்பது சாதாரண பச்சைக்கிளி. வாலோடு சேர்த்து பதினாறு அங்குலம், ஆணுக்குக் கழுத்தில் கறுப்பும் ரோஸும் கலந்த வளையம். அடுத்தது பெரிய பச்சைக்கிளி. தோளில் கருஞ்சிவப்புத் திட்டு, பெருத்த சிவப்புச் சொண்டு. வளையம் இல்லாததை எல்லாம் பெண் என்று நினைத்துவிட வேண்டாம். ஆணுக்கு அந்த வளையம் முழுதாக வர மூன்று வயதுவரை ஆகும்.

இந்த இரண்டும் குச்சி பொறுக்கிக் கூடு கட்டுகிற பறவைகள் இல்லை. மரப்பொந்துதான் வேண்டும். புதிதாகப் பொந்து குடைவதும் அருமை. மரங்கொத்தியும் குக்குறுவானும் குடைந்து விட்டுப்போனதை எடுத்து, வாசலைச் சொண்டால் அரித்துப் பெருப்பித்துக்கொள்ளும். மழை ஓய்ந்த தை மாதத்திலிருந்து வைகாசி வரை நீங்கள் கவனித்துப் பார்க்கலாம்: தலை போன ஒரு பனை, அதன் உச்சிக்குக் கொஞ்சம் கீழே ஒரு ஓட்டை, ஓட்டையில் ஒரு பச்சைத் தலை. உள்ளே மூன்று நான்கு முட்டை. பெண் இருபத்திரண்டு, இருபத்து மூன்று நாள் அடைகாக்கும். அந்த நாட்களில் ஆண்தான் தீன் கொண்டுவந்து ஊட்டும். குஞ்சு பொரித்தபின் பறந்து வெளியேற இன்னும் ஆறேழு கிழமை. ஆக, இரண்டரை மாதம் அந்தப் பட்ட மரம் விழாமல் நிற்க வேண்டும்.

தலை போன பனைகள் நம் மாவட்டத்தில் எப்படி வந்தன என்பது உங்களுக்குத் தெரியும். இடி விழுந்தவை உண்டு, வண்டு குடைந்தவை உண்டு, சண்டைக் காலத்தில் ஷெல் பட்டவையும் உண்டு. நமக்கு அது உபயோகமில்லாத மரம், வளவு துப்புரவு செய்யும்போது முதலில் தறிப்பது அதைத்தான். தென்னந்தோட்டக்காரர் சொல்வதில் நியாயம் இருக்கிறது: உக்கின தென்னங்குற்றியில் காண்டாமிருக வண்டு பெருகும், நல்ல மரத்துக்கு ஆபத்து. அதை அகற்றத்தான் வேண்டும். வீட்டுக்கு மேலே விழக்கூடிய மரத்தையும் வைத்திருக்கச் சொல்ல மாட்டேன். ஆனால் வேலியோரத்தில், வயல் வரம்பில், யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் நிற்கிற பட்ட பனையை விட்டுவிடலாம். தறித்தே ஆகவேண்டும் என்றால் ஆவணி, புரட்டாசியில் தறியுங்கள். அப்போது பெரும்பாலும் உள்ளே குஞ்சு இருக்காது.

இன்னொன்றையும் மனவருத்தத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது. விற்பதற்குக் குஞ்சு எடுக்கிறவர்கள் கை நுழையாது என்று பொந்தின் வாசலைக் கோடரியால் வெட்டித் திறக்கிறார்கள். குஞ்சும் போகிறது, பொந்தும் போகிறது. நல்ல பொந்தென்றால் அடுத்த வருடமும் அங்கேதான் கிளி வந்து தேடும். மழைத் தண்ணீர் இறங்கி உக்கின, அகல வாய் திறந்த அந்த ஓட்டையை அது எடுக்காது. நான்கு குஞ்சு வாங்கிய காசு ஒரு கிழமையில் செலவாகிவிடும், அந்தப் பொந்து மறுபடி உண்டாகப் பல வருடம் ஆகும்.

பொந்து இல்லாமல் போனால் என்ன நடக்கும் என்பதற்கு மொரீசியஸை விட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. தமிழர்கள் கரும்புத் தோட்டத்துக்குப் போன அதே தீவு. அங்கே எக்கோ கிளி என்று ஒன்று இருக்கிறது, நம் பச்சைக்கிளியின் நெருங்கிய உறவு. பார்த்தால் சட்டென்று வித்தியாசம் தெரியாது. பெண்ணின் சொண்டு மட்டும் கறுப்பு. 1980களில் அது காட்டில் பத்துப் பன்னிரண்டு என்கிற அளவுக்கு வந்துவிட்டது. அந்தப் பக்கத்துத் தீவுகளில் இருந்த மற்றக் கிளி இனங்கள் எல்லாம் முன்பே அழிந்துபோயின. கடைசியாக மிஞ்சியது இது ஒன்றுதான்.

காட்டை வெட்டியதில் பெரிய மரம் போனது, மரத்தோடு பொந்தும் போனது. மிஞ்சிய பொந்துகளுக்கு மைனாவும், வெளியிலிருந்து கொண்டுபோய் விடப்பட்ட நம்முடைய பச்சைக்கிளியும் போட்டி. முட்டையை எலி தின்றது, குரங்கு தின்றது. ஒருவகை ஈயின் புழு குஞ்சுகளின் இரத்தத்தை உறிஞ்சியது. கார்ல் ஜோன்ஸ் என்ற அறிஞரும் அவரோடு இருந்தவர்களும் ஒவ்வொரு பொந்தாக மரமேறிப் பார்த்தார்கள். எலி ஏறாதபடி அடிமரத்தைச் சுற்றி வழுக்குகிற தகடு அடித்தார்கள். குரங்கு தாவி வராதபடி பக்கத்துக் கொப்புகளை வெட்டினார்கள். தண்ணீர் இறங்குகிற பொந்துகளைத் திருத்தினார்கள்.

அவர்கள் கவனித்த ஒரு விஷயம் மிக முக்கியம், கூண்டில் வளர்ப்பவர்களுக்கும் அது உதவும். கிளி முட்டைகளை ஒரே நாளில் இடாது, இடைவெளி விட்டு இடும். முதல் முட்டைகளோடேயே அடையும் தொடங்கிவிடும். அதனால் மூத்த குஞ்சுக்கும் கடைக்குட்டிக்கும் பல நாள் வித்தியாசம். மூத்தது எட்டி வாங்கிவிடும், கடைக்குட்டி பட்டினியில் சாகும். எக்கோ கிளி பெரும்பாலும் ஒன்றைத்தான் வளர்த்தெடுத்தது. சாகப்போகிற அந்த மிகுதிக் குஞ்சுகளை எடுத்து, சிலதைக் குஞ்சில்லாத சோடிக்கு வைத்தார்கள், சிலதைக் கையால் வளர்த்துக் காட்டில் விட்டார்கள். மரத்தில் பலகைப் பெட்டிகளும் கட்டினார்கள். பெட்டியைப் பழகிய பறவைகள் அதையே பொந்தாக எடுத்துக்கொண்டன. நடுவில் இறகு கொட்டுகிற வைரஸ் நோயும் வந்து போனது. அப்படியிருந்தும் பத்துப் பன்னிரண்டு என்றிருந்தது இன்று பல நூறு. சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2007இலும் 2019இலும் அதன் ஆபத்து நிலையை ஒவ்வொரு படியாகக் குறைத்தது.

நான் இதை நீட்டிச் சொல்வதற்குக் காரணம், அந்தப் பெட்டியை உங்கள் வளவிலும் கட்டலாம் என்பதுதான். ஒரு அங்குலத் தடிப்புள்ள பலகை எடுங்கள். மெல்லிய பிளைவுட் நம் வெயிலுக்குச் சரிவராது, தகரம் கூடவே கூடாது. உள்ளளவு பத்துக்குப் பத்து அங்குலம், உயரம் இரண்டடி. உச்சியிலிருந்து ஐந்தாறு அங்குலம் கீழே, மூன்று அங்குல விட்டத்தில் வட்ட வாசல். பெரிய பச்சைக்கிளிக்கு என்றால் வாசல் நான்கு அங்குலம். வாசலுக்குக் கீழே உட்பக்கத்தில் சிறு சட்டங்களை ஏணிப்படியாக அடிக்க வேண்டும். பலர் மறந்துவிடுவது இதைத்தான். வழுக்குகிற பலகையில் குஞ்சு மேலே ஏறிவர முடியாமல் உள்ளேயே செத்துவிடும். அடிப்பலகையில் தண்ணீர் வடிய நான்கு சிறு துளை. மேலே சரிவான கூரை, முன்னால் மூன்று அங்குலம் நீட்டி. அடியில் மூன்று அங்குலத்துக்குச் சீவல்தூள். அரிகிற மரத்தூள் வேண்டாம், அது குஞ்சின் மூக்கை அடைக்கும்.

வாசல் தென்கிழக்குப் பார்த்திருக்கட்டும். வாடைமழை வடகிழக்கிலிருந்து அடிக்கும், கச்சான் தென்மேற்கிலிருந்து அனலாக வீசும். இரண்டுக்கும் முகம் கொடுக்காத திசை அது. பதினைந்தடி உயரம் போதும். அடிமரத்தைச் சுற்றி இரண்டடி அகலத் தகடு அடித்தால் எலிக்கும் மரநாய்க்கும் ஏறுவது கஷ்டம். முதல் வருடம் மைனாவோ அணிலோ வந்து குடியேறினால் மனம் விட வேண்டாம். பக்கத்தில் இன்னொரு பெட்டியைக் கட்டுங்கள்.

இனிக் கூண்டுக்கு வருவோம். காட்டுக் குஞ்சை வாங்கி வளர்க்காதீர்கள். ஆசையிருந்தால் கூண்டிலேயே தலைமுறை தலைமுறையாகப் பெருகிய பறவைகள் இருக்கின்றன. கடையில் லவ்பேர்ட்ஸ் என்று விற்கிற பஜ்ஜி, பிறகு கொக்கட்டீல். இங்கேயும் பொந்துதான் கதை. பெட்டி வைத்தால் முட்டையிடும், பெட்டியை எடுத்தால் ஓயும். வருடத்துக்கு இரண்டு தடவைக்கு மேல் அடைகாக்க விடக்கூடாது, ஒரு வயது ஆகாத பெண்ணுக்குப் பெட்டியே வைக்கக்கூடாது. ஒரே கூண்டில் பல சோடி பஜ்ஜி என்றால், சோடியை விடக் கூடுதலான பெட்டிகளை ஒரே உயரத்தில் வையுங்கள். ஒன்று உயரத்தில் தொங்கினால் எல்லாப் பெண்ணும் அதற்கே சண்டை பிடிக்கும், முட்டை உடையும், குஞ்சைக் கொத்திக் கொல்வதும் நடக்கும். பெட்டியின் அடி தட்டையாக இருக்கக்கூடாது, நடுவில் சிறு குழி வேண்டும். தட்டைப் பலகையில் வளர்கிற குஞ்சின் கால் தவளைக்கால் மாதிரி இரண்டு பக்கமும் விரிந்துவிடும்.

ஆனி, ஆடியில் கச்சான் வீசும்போது பெட்டியைக் கழற்றிவிடுங்கள். தகரக் கூரைக் கூண்டு அந்த மாதங்களில் அடுப்பாகிவிடும். மேலே இரண்டு வரிசை கிடுகு போட்டால் நல்ல வித்தியாசம் தெரியும். பறவை வாயைத் திறந்து, செட்டையை உடம்பிலிருந்து விலக்கிப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினால் சூடு தாங்கவில்லை என்று அர்த்தம்.

பெண்பறவைகள் சாவதற்கு ஒரு பெரிய காரணம் முட்டை இறங்காமல் அடைப்பது. சுண்ணாம்புச் சத்துக் குறைவுதான் பெரும்பாலும் அடிப்படை. அதற்குக் கடையில் காசு கொடுத்து எதுவும் வாங்க வேண்டியதில்லை, நம் கடற்கரையிலேயே கணவாய் ஓடு ஒதுங்குகிறது. உடையாத, வெள்ளையான ஓடாகப் பொறுக்கி, நல்ல தண்ணீரில் நான்கைந்து நாள் ஊறப்போடுங்கள். தினமும் தண்ணீர் மாற்ற வேண்டும். பிறகு பத்து நிமிடம் அவித்து, இரண்டு நாள் வெயிலில் காயவைத்து, நாக்கில் தொட்டுப் பாருங்கள். உப்புக் கரித்தால் இன்னும் ஊற வேண்டும். விரல் நகத்தால் கீறினால் மாவாக உதிர்கிற மென்மையான பக்கம் பறவையைப் பார்த்திருக்கும்படி கம்பியில் கட்டுங்கள். முட்டைக்கு ஒரு மாதம் முன்பே அது கூண்டில் இருக்க வேண்டும். பெண் நிலத்தில் இறகைச் சிலிர்த்துக்கொண்டு குந்தி, மூச்சோடு வாலும் ஏறி இறங்கினால் முட்டை அடைத்திருக்கிறது. முப்பது, முப்பத்திரண்டு பாகை சூட்டில், ஈரத்துணியோடு ஒரு பெட்டியில் வைத்து மிருக வைத்தியரிடம் கொண்டு ஓடுங்கள். வயிற்றை அமுக்கி எடுக்கப் பார்க்காதீர்கள், உள்ளே உடைந்தால் பறவை பிழைக்காது.

தீன் பற்றி நிறையச் சொல்ல வைத்திருந்தேன், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நேரத்தைக் காட்டுகிறார்கள். ஆகையால் வேகமாகச் சொல்கிறேன். தினையும் சூரியகாந்தி விதையும் மட்டும் கொடுத்தால் வைட்டமின் ஏ குறைந்து மூக்கும் தொண்டையும் பழுதாகும். பப்பாசி, கரட், முருங்கை இலை, முளைத்த பயறு தினமும் சேருங்கள். கொச்சிக்காய் தாராளமாகக் கொடுக்கலாம், பறவைக்கு அந்த உறைப்புத் தெரியாது. அவகாடோவும் சொக்லேட்டும் நஞ்சு. நான்ஸ்டிக் சட்டி அடுப்பில் வெறுமனே சூடேறினால் வருகிற ஆவி, பக்கத்து அறையில் இருக்கிற பறவையையும் கொல்லும். புதுக் கல்வனைஸ் வலையை வினாகிரி போட்டுத் தேய்த்துக் கழுவாமல் கூண்டுக்கு அடிக்காதீர்கள். அதன் நாகத்தைக் கிளி கொறித்தால் உடம்பில் நஞ்சேறும்.

கடைசியாக, மரம் விழுந்து நிலத்தில் கிடக்கிற குஞ்சு. பாணும் பாலும் ஊட்ட வேண்டாம். பால் பறவைக்குச் செரிக்காது. மனிதக்கை பட்டால் தாய் சேர்க்காது என்பதும் பொய். விழுந்த குற்றியில் பொந்திருந்த பகுதியை வெட்டி எடுத்து, அடைத்திருந்தால் துப்புரவாக்கி, குஞ்சை உள்ளே வைத்து, கிட்ட நிற்கிற மரத்தில் முடிந்த உயரத்தில் கட்டுங்கள். பொந்து சிதைந்துவிட்டால் ஒரு பெட்டி. தள்ளிப்போய் நின்று பாருங்கள். குஞ்சின் சத்தம் கேட்டால் தாய் தகப்பன் வந்து ஊட்டும். பொழுதுபடும் வரை ஒன்றும் வராவிட்டால் மட்டும் எடுத்து, சூடாக வைத்து, வனஜீவராசிகள் அலுவலகத்துக்கு அறிவியுங்கள். நன்றி, வணக்கம்.