அதிபர் நாள் குறிக்கலாம். ஏழு லைன்மேன் வேண்டுமே!

நடுவர் அவர்களே, எதிரணித் தோழர்களே, அவையில் இருக்கும் பெரியோர்களே, வணக்கம்.

2020ஆம் ஆண்டு அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தாட்டங்கள் ரத்தானதற்குப் பெரிதும் காரணம் கொரோனா நோய்க் கணக்கா, அரசியல் கணக்கா? இதுதான் தலைப்பு. நோய்க் கணக்கே என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தோழர் நல்ல கைதட்டல் வாங்கினார். அதிபர் தேர்தல் ஆண்டு என்றார். ஆகஸ்ட் 11ஆம் தேதி பிக் டென் என்ற கல்லூரி விளையாட்டுக் கூட்டமைப்பு ஆட்டப் பருவத்தையே ஒத்திவைத்தது, செப்டம்பர் 1ஆம் தேதி அதிபர் டிரம்ப் அதன் ஆணையர் கெவின் வாரனுக்கு போன் போட்டார், 16ஆம் தேதி ஆட்டம் உண்டு என்று அறிவிப்பு வந்தது, இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும் என்று கேட்டார். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தால் காக்கைக்கு மாலை போடும் ஆட்கள் எல்லா ஊரிலும் உண்டு, நடுவர் அவர்களே.

அவர் சொன்ன தேதிகள் எல்லாம் சரி. ஆனால் அவை பருவம் திறந்த கதை. தலைப்பு கேட்பது ஆட்டங்கள் நின்ற கதை. இரண்டையும் ஒரே தட்டில் வைத்துப் பரிமாறிவிட்டார்.

முதலில் கட்சி நிறத்தைப் பார்த்துவிடலாம். பிக் டென் என்பது பெயர். அதில் அப்போது உறுப்பினர் 14 பல்கலைக்கழகங்கள். (பெயர் வைத்தவருக்குக் கணக்கில் எத்தனை மதிப்பெண் என்று கேட்காதீர்கள்.) ஒத்திவைக்க 11 வாக்கு, எதிர்த்து 3. எதிர்த்தவை ஒஹாயோ ஸ்டேட், அயோவா, நெப்ராஸ்கா. மூன்றும் டிரம்பின் குடியரசுக் கட்சி ஆளுநர்கள் இருந்த மாநிலங்கள். "ஆகா, மாட்டினாயா" என்று எதிரணி சிரிக்கிறது. சற்றுப் பொறுங்கள். இந்தியானாவிலும் மேரிலாந்திலும் அப்போது அதே கட்சி ஆளுநர்கள்தான். அங்கிருந்த பல்கலைக்கழகங்கள் ஒத்திவைக்கத்தான் வாக்களித்தன. இந்தப் பக்கம் வட கரோலினா, லூசியானா, கென்டக்கி மூன்றிலும் ஜனநாயகக் கட்சி ஆளுநர்கள். அங்கே செப்டம்பரிலேயே ஆட்டம் தொடங்கிவிட்டது. கட்சிக் கொடியை வைத்துப் படம் வரைந்தால் கோடு நேராக வரவில்லை.

சரி, ஆகஸ்டில் வேண்டாம் என்றவர்கள் செப்டம்பரில் ஏன் சரி என்றார்கள்? ஜூலை இறுதியில் ஃபிராங்க்ஃபர்ட் ஆய்வு ஒன்று வெளியானது. தொற்றிலிருந்து மீண்ட 100 பேரை எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்ததில் 78 பேருக்கு இதயத்தில் ஏதோ ஒரு மாற்றம் தெரிந்தது. மயோகார்டைட்டிஸ், அதாவது இதயத் தசை அழற்சி, ஓடும்போதே விளையாட்டு வீரர்களைச் சாய்க்கக்கூடியது. மருத்துவர்கள் பயந்ததில் வியப்பு இல்லை. அதே நாட்களில் வணிக ஆய்வகங்களில் பிசிஆர் முடிவு வர ஒரு வாரத்துக்கு மேலும் ஆனது. திங்கட்கிழமை எடுத்த சாம்பிளுக்கு அடுத்த திங்கட்கிழமை முடிவு வந்தால், சனிக்கிழமை ஆடுபவனை எப்படி நம்பி இறக்குவது? ஆகஸ்ட் கடைசியில் மலிவான துரித ஆன்டிஜென் கருவிகளுக்கு அனுமதி கிடைத்தது. செப்டம்பர் 16ஆம் தேதி அறிவிப்பில் முதலில் நிற்பதே தினசரிச் சோதனைதான். தொற்று உறுதியானவருக்கு ரத்தப் பரிசோதனை, ஈசிஜி, எக்கோ, இதய எம்ஆர்ஐ; குறைந்தது 21 நாள் ஆட்டம் கிடையாது. தினசரிச் சோதனைகளுக்கும் கூட்டமைப்பு தனியார் நிறுவனத்தோடுதான் ஒப்பந்தம் போட்டது.

அழுத்தமே இல்லை என்று நான் சொல்லவில்லை. அரசியல்வாதிகள் கடிதம் எழுதினார்கள். நெப்ராஸ்கா வீரர்கள் 8 பேர் வழக்குப் போட்டார்கள். ஒஹாயோ ஸ்டேட்டின் குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்) ஜஸ்டின் ஃபீல்ட்ஸ் தொடங்கிய மனுவில் லட்சக்கணக்கானோர் கையெழுத்திட்டார்கள். பைடன் தரப்பு காலி அரங்கங்களைக் காட்டி விளம்பரம் போட்டது. செப்டம்பர் 29ஆம் தேதி கிளீவ்லண்ட் விவாத மேடையில் டிரம்ப், பிக் டென் ஆட்டத்தைத் திரும்பக் கொண்டுவந்தது தானே என்றார். இருக்கட்டும். கதவைத் திறந்ததில் அவர்களுக்கும் பங்கு உண்டு என்று வைத்துக்கொள்வோம்.

திறந்த பிறகு என்ன நடந்தது? இங்கேதான் என் வாதம் தொடங்குகிறது, நடுவர் அவர்களே.

நாம் காலால் உதைக்கும் கால்பந்து அல்ல அது. பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுகிறவனை எதிரணி மோதிச் சாய்க்கும் ஆட்டம். களத்தில் ஒரு பக்கத்துக்கு 11 பேர். அப்போதைய விதிப்படி பெரிய கல்லூரி ஒன்று 85 பேருக்கு உதவித்தொகை கொடுக்கலாம். 85 பேர் இருக்கும்போது பத்துப் பேர் படுத்தால் என்ன என்று தோன்றும். தோன்றுவது தவறு. ஒருவன் வேலையை இன்னொருவன் செய்ய முடியாது. முன்வரிசையில் நின்று எதிராளியை மறிக்கும் 140 கிலோ லைன்மேன் இடத்தில் 85 கிலோ ஓட்டக்காரனை நிறுத்தினால், அவனுக்குத் தொற்று வராது, எலும்புதான் முறியும்.

அதனால் தென்கிழக்குக் கூட்டமைப்பான எஸ்இசி ஒரு வரம்பு வைத்தது. உதவித்தொகை பெறும் வீரர்கள் 53 பேராவது தயாராக இருக்க வேண்டும். அதற்குள் தாக்கும் வரிசை லைன்மேன் 7, தடுப்பு வரிசையின் நடுவில் நிற்பவர்கள் 4, குவார்ட்டர்பேக் 1. இதற்குக் கீழே போனால் அணி விரும்பினால் ஆடலாம். விரும்பாவிட்டால் ஒத்திவைக்கக் கேட்கலாம். ஐந்து லைன்மேன் எப்போதும் களத்தில் நிற்க வேண்டும். ஏழு என்றால் மாற்றாள் இரண்டே பேர்.

இந்த ஏழு எப்படி ஆறாகிறது என்பதுதான் 2020இன் முழுக் கதை. தொற்று வந்தவன் விலகுவது சின்னக் கணக்கு. பெரிய கணக்கு தொடர்பறிதல். அப்போதைய விதிப்படி, தொற்றாளருக்கு 6 அடிக்குள் 15 நிமிடம் இருந்தவருக்கு 14 நாள் தனிமை. தினமும் சோதித்து நெகட்டிவ் வந்தாலும் வெளியே வர முடியாது, ஏனென்றால் கிருமி உடம்பில் முளைக்க நாளாகும். 14 நாள் என்றால் இரண்டு சனிக்கிழமை போயிற்று. களத்தில் மோதல் சில விநாடிதான், ஆபத்து வெளியே. ஒரே வேலை செய்கிறவர்கள் ஒரே அறையில் உட்கார்ந்து வீடியோ பார்ப்பார்கள், ஒரே மேசையில் சாப்பிடுவார்கள், ஒரே பேருந்தில் போவார்கள், ஒரே வீட்டில் வாடகைக்கு இருப்பார்கள். ஆகவே ஒருவன் விழுந்தால் அணி முழுவதிலும் அங்கொன்று இங்கொன்றாக ஆள் குறைவதில்லை. ஒரு வரிசையே மொத்தமாகப் போகிறது. யார் யாரோடு எவ்வளவு நேரம் நின்றார் என்று அளக்க எஸ்இசி வீரர்கள் உடம்பில் கருவியே மாட்டினார்கள். அக்டோபர் 21ஆம் தேதி அமெரிக்க நோய்த் தடுப்பு மையமான சிடிசி, 15 நிமிடம் என்பது ஒரே மூச்சில் இல்லை, 24 மணி நேரத்தில் சேர்த்துக் கூட்டியது என்று விளக்கம் மாற்றியது. வலை இன்னும் நெருக்கமாயிற்று.

பெர்க்லியில் கலிஃபோர்னியா பல்கலைக்கழக அணிக்கு நவம்பர் 7ஆம் தேதி வாஷிங்டனோடு முதல் ஆட்டம். ஒரே ஒரு வீரருக்குத் தொற்று. தொடர்பறிதலில் தடுப்பு வரிசை ஏறக்குறைய மொத்தமாகத் தனிமைக்குப் போனது. ஆட்டம் ரத்து. அடுத்த வாரமும் எதிராளி அரிசோனா ஸ்டேட்டால் ஆட முடியவில்லை. லாஸ் ஏஞ்சலிஸின் யுசிஎல்ஏ அணிக்கும் எதிராளியான யூட்டாவால் முடியவில்லை. ஆளில்லாமல் நின்ற இரண்டு அணிகளையும் இரண்டு நாளுக்குள் ஜோடி சேர்த்து ஞாயிற்றுக்கிழமை காலை ஆடவிட்டார்கள். இதில் எந்தக் கட்சி அலுவலகம் தலையிட்டது?

வேண்டர்பில்ட்டில் உதைப்பவர்கள் தனிமையில் மாட்டிக்கொண்டார்கள். பந்தை உதைக்கவே ஆளில்லை. மகளிர் கால்பந்து அணியின் கோல்கீப்பர் சாரா ஃபுல்லரை அழைத்தார்கள். நவம்பர் 28ஆம் தேதி மிசூரிக்கு எதிராக இரண்டாம் பாதியைத் தொடங்கி வைத்து அவர் உதைத்த ஒரே உதை, முதன்மைக் கூட்டமைப்பு ஆட்டம் ஒன்றில் பெண் ஆடிய முதல் நிகழ்வானது. நல்ல விஷயம்தான். ஆனால் அந்த வாய்ப்பைத் திறந்தது முற்போக்குச் சிந்தனை என்று யாரும் மார்தட்ட வேண்டாம்; ஆள் பற்றாக்குறைதான் திறந்தது. அதே வேண்டர்பில்ட் 53ஐ எட்ட முடியாமல், ஜார்ஜியாவுடனான ஆட்டத்தைக் கடைசிவரை ஆடவே இல்லை.

இனி எதிரணிக்குப் பிடித்த ஃபுளோரிடா. ஆளுநர் டிசாண்டிஸ் செப்டம்பர் 25ஆம் தேதி கட்டுப்பாடுகளை எடுத்துவிட்டார். அக்டோபர் 10ஆம் தேதி டெக்சஸில் தோற்றுவிட்டு வந்த ஃபுளோரிடா பயிற்சியாளர் டேன் மல்லன், அடுத்த வாரம் அரங்கில் 90,000 பேரை நிரப்ப வேண்டும் என்றார். ஆளுநர் அனுமதி கையில் இருந்தது. ஆனால் அந்த வாரமே அணியில் தொற்று பரவியது. 53ஐ எட்டவில்லை. லூசியானா ஸ்டேட்டோடு (எல்எஸ்யூ) இருந்த ஆட்டம் டிசம்பர் 12க்குப் போனது. 90,000 கேட்டவருக்கே தொற்று வந்தது. கிண்டலுக்காகச் சொல்லவில்லை, எல்லா அனுமதியும் இருந்த இடத்திலேயே ஆட்டம் நின்றது என்பதற்காகச் சொல்கிறேன்.

"அரசாங்க ஆணைகள் இல்லையா?" என்று கேட்பீர்கள். இருந்தன. கலிஃபோர்னியாவின் சான்டா கிளாரா மாவட்டச் சுகாதார அதிகாரி நவம்பர் இறுதியில் தொட்டு ஆடும் விளையாட்டுகளுக்குத் தடை போட்டார். அங்கிருந்த ஸ்டான்ஃபோர்ட் அணி மூட்டை கட்டிக்கொண்டு வாஷிங்டன் மாநிலத்துக்குப் போய்ப் பயிற்சி செய்து அங்கேயே ஜெயித்தது. சான் ஹோசே ஸ்டேட் தன் சொந்த ஊர் ஆட்டத்தை ஹவாயில் ஆடியது. நியூ மெக்சிகோ அணி லாஸ் வேகஸில் குடியேறியது. பாசடீனாவில் நடக்கும் ரோஸ் பவுல் ஆட்டம் டெக்சஸுக்கு மாறியது. 1942க்குப் பிறகு அது ஊரை விட்டுப் போனது அதுதான் முதல் முறை. ஆணை வந்தால் இடம் மாறினார்கள், ஆடினார்கள். லைன்மேன் இல்லாவிட்டால் எந்த ஊருக்குப் போய் ஆடுவது?

எதிரணிக்கு இன்னொரு சிக்கல் நாட்காட்டியில் இருக்கிறது. தேர்தல் நவம்பர் 3ஆம் தேதி முடிந்துவிட்டது. அரசியல்தான் காரணம் என்றால் அதற்குப் பிறகு ரத்துகள் குறைந்திருக்க வேண்டும். நவம்பர் 14ஆம் தேதி எஸ்இசியில் இருந்த 7 ஆட்டங்களில் 4 ஒத்திவைப்பு. அலபாமா, ஜார்ஜியா, டெக்சஸ் ஏ&எம் என்று பெரிய பெயர்கள் எல்லாம் அதில் அடங்கும். நாடு முழுக்கத் தொற்று ஏறிய வாரங்கள் அவை. வரைபடம் வாக்குப்பெட்டியைப் பின்தொடரவில்லை, நோயைப் பின்தொடர்ந்தது.

நவம்பர் 21, டல்லஹாசி. ஃபுளோரிடா ஸ்டேட்டோடு ஆட கிளெம்சன் அணி விமானத்தில் வந்து இறங்கி, ஓட்டலில் தூங்கி எழுந்துவிட்டது. வாரத்தில் அறிகுறி காட்டிய வீரர் ஒருவர் நெகட்டிவ் என்பதால் கூடவே வந்திருந்தார். வெள்ளிக்கிழமைச் சோதனையில் பாசிட்டிவ். ஃபுளோரிடா ஸ்டேட் மருத்துவர்கள் ஒப்பவில்லை. தொடங்கச் சில மணி நேரம் இருக்கும்போது ஆட்டம் ரத்து. கிளெம்சன் பயிற்சியாளர் டாபோ ஸ்வின்னி கொதித்தார், சாக்குச் சொல்கிறார்கள் என்றார். அவர் கோபம் எனக்குப் புரிகிறது. இருந்தாலும் அங்கே நடந்தது இரண்டு மருத்துவக் குழுக்களின் கருத்து வேறுபாடு.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். பிக் டென் அக்டோபர் 23ஆம் தேதி தொடங்கியதால் ஒன்பது வாரத்தில் ஒன்பது ஆட்டம், நடுவில் ஓய்வு வாரமே கிடையாது. எஸ்இசி தள்ளிவைத்த ஆட்டங்களைப் பின்னால் ஆட இடம் வைத்திருந்தது. பிக் டென்னில் தள்ளினால் ரத்து. இது திட்டமிட்டவர்கள் செய்த கோளாறு; அதில் அவசரமும் பணமும் கலந்திருந்தன. ஆனால் முதலில் தள்ள வேண்டிய நிலை எப்படி வந்தது? தொடக்க ஆட்டத்தில் விஸ்கான்சின் இளம் குவார்ட்டர்பேக் கிரஹாம் மெர்ட்ஸ் 21 முறை எறிந்து 20ஐ இலக்கில் சேர்த்தார், ஐந்து டச்டவுன். சில நாளில் அவருக்கே தொற்று. புதன்கிழமைக்குள் 12 பேர்: ஆறு வீரர்கள், பயிற்சியாளர் உட்பட ஆறு ஊழியர்கள். நெப்ராஸ்காவோடு ஆட்டம் ரத்து. ஆடியே தீருவோம் என்று ஆகஸ்டிலிருந்து உரக்கக் கத்தியது நெப்ராஸ்கா. சட்டனூகாவை அழைத்தாவது ஆடுகிறோம் என்றது. வெளி அணி கூடாது என்று கூட்டமைப்பு மறுத்தது. அந்த மறுப்பு நிர்வாக முடிவு, சரி. விஸ்கான்சினின் 12 பேரை எந்த நிர்வாகம் தீர்மானித்தது?

ஒஹாயோ ஸ்டேட்டோடு முடிக்கிறேன். மேரிலாந்து ஆட்டம் ரத்து, இல்லினாய் ஆட்டம் ரத்து, டிசம்பர் 12ஆம் தேதி மிச்சிகன் ஆட்டமும் ரத்து. ஒஹாயோ ஸ்டேட்டும் மிச்சிகனும் 1918 முதல் ஆண்டு தவறாமல் மோதி வந்தவை. ஒஹாயோ ஸ்டேட் ஐந்து ஆட்டம்தான் ஆடியிருந்தது. கூட்டமைப்பின் இறுதிக்கு ஆறு வேண்டும் என்று விதி. டிசம்பர் 9ஆம் தேதி விதியை எடுத்துவிட்டார்கள். பணம், செல்வாக்கு, அரசியல், எந்தப் பெயர் வேண்டுமானாலும் வையுங்கள். ஒஹாயோ ஸ்டேட் தேசிய இறுதிவரை போய் அலபாமாவிடம் 52-24 என்று தோற்றது. செல்வாக்கால் ஒரு விதியை ஒரே நாளில் அழிக்க முடிந்தது. ஆனால் மிச்சிகன் ஆட்டத்தை அந்தச் செல்வாக்கால் நடத்த முடியவில்லை.

அடுத்து பேச வரும் எதிரணித் தோழருக்கு என் கேள்வி ஒன்றுதான். பருவம் தொடங்கிய பிறகு, இரண்டு அணியிலும் போதிய ஆள் தயாராக இருந்தும், மருத்துவர்களும் சரி என்று சொல்லியும், ஒரு அரசியல்வாதி சொன்னதற்காக நின்ற ஆட்டம் ஒன்றைத் தேதியோடு சொல்லுங்கள். சொன்னால் என் பக்கத்து நாற்காலியை உங்களுக்கே தருகிறேன். வணக்கம்.