ஒரு சொல்லுக்காக நூறு வருஷம்

நேயர்களுக்கு வணக்கம்.

1915-இல் ஆர்மீனியர்களுக்கு நடந்ததை இனப்படுகொலை என்றே சொல்லவேண்டும் என்று பேச வந்திருக்கிறேன். ஒரு பதிவேட்டைப் பற்றிச் சொல்லித் தொடங்குகிறேன். சிரியாவின் அலெப்போ நகரில் 1920களில் ஒரு காப்பகம் இருந்தது. ஐ.நா.வுக்கு முன்பிருந்த சர்வதேச சங்கத்தின் சார்பில் காரென் ஜெப்பே என்ற டென்மார்க் பெண்மணி அதை நடத்தினார். பாலைவனத்துக் கூடாரங்களிலிருந்தும் யார் யார் வீடுகளிலிருந்தோ தப்பி வந்த ஆர்மீனியப் பெண்களும் பிள்ளைகளும் அங்கே வந்து சேர்ந்தார்கள். வந்த ஒவ்வொருவரையும் பதிந்தார்கள். சின்னதாக ஒரு புகைப்படம், பெயர், அப்பா பெயர், சொந்த ஊர், வயது. அதற்குக் கீழே நாலைந்து வரியில் நடந்த கதை. ஊரைவிட்டுத் துரத்தினார்கள், வழியில் அம்மா செத்துப்போனாள், யாரோ தூக்கிக்கொண்டு போனார்கள், இத்தனை வருஷம் அங்கே இருந்தேன், தப்பி வந்தேன். சில பெண்களின் முகத்தில் பச்சை குத்தியிருக்கும். தூக்கிக்கொண்டு போன இடத்தில் குத்திய பச்சை அது. அந்தப் பதிவேடு இன்றும் ஜெனீவாவில் இருக்கிறது.

ஆர்மீனியர்கள் நமக்கு முற்றிலும் அந்நியர்கள் அல்ல. சென்னை பாரிமுனையில் அரண்மனைக்காரன் தெரு என்கிறோமே, அது ஆர்மீனியன் தெரு மருவி வந்த பெயர். உலகத்தின் முதல் ஆர்மீனிய இதழ் 1794-இல் அச்சானதும் இதே மெட்ராஸில்தான். இங்கே வந்தவர்கள் பாரசீகம் வழியாக வந்த வணிகர்கள். நான் சொல்லும் கொடுமை, இன்றைய துருக்கிக்கு முன்பிருந்த ஒட்டோமான் பேரரசில் வாழ்ந்த அவர்களுடைய இனத்தாருக்கு நேர்ந்தது.

1915 ஏப்ரல் 24 இரவு, கான்ஸ்டான்டிநோபிளில், அதாவது இன்றைய இஸ்தான்புல்லில், ஒட்டோமான் அரசின் ஆட்கள் இருநூறுக்கும் மேற்பட்ட ஆர்மீனியக் கவிஞர்களையும் மருத்துவர்களையும் பத்திரிகைக்காரர்களையும் பிடித்துக்கொண்டு போனார்கள். பெரும்பாலோர் திரும்பவில்லை. திரும்பியவர்களில் ஒருவர் கோமிதாஸ். பாதிரியார்; ஊர் ஊராகப் போய் ஆயிரக்கணக்கில் நாட்டுப்பாடல்களைச் சேகரித்தவர். சில வாரங்களில் விட்டுவிட்டார்கள். ஆனால் மனம் உடைந்துவிட்டது. மிச்ச வாழ்நாளின் பெரும்பகுதியை மனநல மருத்துவமனைகளில் கழித்து, 1935-இல் பாரிஸில் இறந்தார். புதிதாகப் பாட்டு எதுவும் எழுதவில்லை.

அப்புறம் ஊர் ஊராகக் காலி செய்தார்கள். பல இடங்களில் ஆண்களைத் தனியே பிரித்துக் கொன்றார்கள். பெண்களையும் குழந்தைகளையும் சிரியாவின் தேர் எஸ்ஸோர் பாலைவனம் நோக்கி நடக்கவிட்டார்கள். பத்து லட்சத்துக்கும் மேல் மாண்டார்கள் என்பது பெரும்பாலான வரலாற்றாசிரியர்களின் கணக்கு. ஆர்மீனியர்கள் 15 லட்சம் என்கிறார்கள்.

துருக்கி அரசு என்ன சொல்கிறது? முதல் உலகப் போர்க்காலம், எல்லோரும் செத்தார்கள், ரஷ்யப் போர்முனைக்குப் பக்கத்தில் இருந்தவர்களைப் பாதுகாப்புக்காக இடம் மாற்றினோம், அழிக்கும் நோக்கம் இல்லை என்கிறது. போரில் துருக்கியரும் ஏராளமாக மாண்டார்கள் என்பது உண்மைதான். ஆனால் அங்காராவும் பர்சாவும் ரஷ்யப் போர்முனையிலிருந்து எவ்வளவு தூரம்! அங்கிருந்தவர்களையும்தானே துரத்தினார்கள்? அதைவிட முக்கியமானது, ஒட்டோமான் அரசே 1919-இல் ராணுவ நீதிமன்றம் அமைத்து இதை விசாரித்தது. உள்துறை அமைச்சராக இருந்த தலாத் பாஷாவுக்கு, அவர் தப்பியோடிவிட்ட நிலையில், மரண தண்டனை விதித்தது. பிறகு அரசியல் மாறியது. 1923-இல் துருக்கியோடு மற்ற நாடுகள் செய்த லோசான் சமாதான ஒப்பந்தம் கையெழுத்தானபோது ஆர்மீனியர் என்ற பேச்சே அதில் இல்லை. வழக்கு அப்படியே அமுங்கிப்போனது.

தலாத்தை 1921-இல் பெர்லின் தெருவில் ஓர் ஆர்மீனிய இளைஞர் சுட்டுக் கொன்றார். நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. அந்த வழக்கைக் கவனித்துக்கொண்டிருந்த ரஃபேல் லெம்கின் என்ற போலந்து யூத மாணவரை ஒரு கேள்வி குடைந்தது: ஒருவனைக் கொன்றவனைப் பிடிக்கச் சட்டம் இருக்கிறது, ஓர் இனத்தையே கொன்றவனைப் பிடிக்க ஏன் இல்லை? 1944-இல் ‘ஜெனோசைட்’, இனப்படுகொலை என்ற சொல்லை உருவாக்கியவர் அவர்தான். ஆர்மீனியர்களின் கதையும் சேர்ந்து பெற்ற சொல் அது. அதை அவர்களுக்கே மறுத்தால் எப்படி வலிக்கும்!

நடந்தது இனப்படுகொலைதான் என்று 1965-இல் உருகுவே முதலில் ஏற்றது. பிரான்ஸ் 2001-இல் சட்டமே இயற்றியது. ஜெர்மன் நாடாளுமன்றம் 2016-இல் ஏற்றது. அமெரிக்காவின் ஒபாமா ஏப்ரல் 24 அறிக்கைகளில் ‘மெட்ஸ் யெகெர்ன்’ என்று எழுதிவந்தார். பெருங்குற்றம் என்று பொருள். ஆர்மீனியர்களின் சொந்தச் சொல்தான். ஆனால் துருக்கியோடு உறவு கெடக்கூடாது என்பதற்காக, சட்டத்தில் எடை உள்ள சொல்லைத் தவிர்க்க அது பயன்பட்டது. 2021-இல்தான் பைடன் அதிபராக நேரடியாகச் சொன்னார்.

இந்தச் சொல்லைக் கேட்பது துருக்கி மக்கள்மீது பகை வளர்க்கும் கோரிக்கை அல்ல. இஸ்தான்புல்லில் ‘அகோஸ்’ பத்திரிகையை நடத்திய ஆர்மீனியர் ஹ்ராண்ட் டிங்க், இதைப் பேசியதற்காகவே வழக்கைச் சந்தித்தவர். 2007 ஜனவரி 19 அன்று அலுவலக வாசலில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். இறுதி ஊர்வலத்தில் ஒரு லட்சம் பேர் அளவுக்கு நடந்தார்கள். அவர்களில் துருக்கியர்கள் ஏராளம். ‘நாம் எல்லோரும் ஆர்மீனியர்கள்’ என்ற அட்டையைப் பிடித்துக்கொண்டு போனார்கள்.

நம் வீடுகளில் இறந்தவருக்குத் திதி கொடுக்க ஒரு நாள் இருக்கும். ஆர்மீனியர்களில் பல குடும்பங்களுக்குக் கொள்ளுத்தாத்தா எந்த நாளில், எந்த ஊரில் விழுந்தார் என்றே தெரியாது. அதனால் ஏப்ரல் 24-தான் எல்லோருக்கும் நினைவு நாள். அன்று ஆர்மீனியத் தலைநகர் யெரெவானில் ட்சிட்செர்னகாபெர்ட் குன்றின்மேல் உள்ள நினைவிடத்தில் காலையிலிருந்து வரிசை நகர்ந்துகொண்டே இருக்கும். கையில் ஒரு பூ, அணையா விளக்கைச் சுற்றி அதை வைத்துவிட்டு அடுத்தவருக்கு வழிவிடுவார்கள். சாயங்காலத்துக்குள் அந்தப் பூக்கள் ஒரு சுவர்போல உயர்ந்துவிடும். வானம் தெளிவாக இருந்தால் எல்லைக்கு அப்பால், துருக்கி மண்ணில் நிற்கும் அராரட் மலை அங்கிருந்து தெரியும்.